விடுதிச் செலவு, மோசடி அழைப்பு, முதல் நாள் டிக்கெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் யார்? பதில் சொல்ல நீங்கள் யார்?

நான் சென்னையில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் போளூர் பக்கம். விடுதிக்கு வந்த முதல் நாளிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டில் செலவைக் குறித்து வருகிறேன். இப்போது ஐந்தாவது நோட்டு நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் தம்பிகள் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாடு முடிந்ததும் அறைக்கு வந்து கேட்கும் கேள்விகள்தாம் இவை. நோட்டைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நாங்கள் இழந்த பணமெல்லாம் "இவ்வளவுதானே" என்று விலையைப் பார்க்காமல் கொடுத்தது. கொடுத்த பிறகு வெளியே சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் சுற்றியே வரும்.

கைச்செலவில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் பணம் எது?

எல்லாரும் டீ, வடை என்றுதான் சொல்வார்கள். என் நோட்டில் முதலிடம் கைப்பேசி ரீசார்ஜுக்குத்தான். மாதம் ஒருமுறை போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை என்று மனக்கணக்குப் போடுகிறோம். ஆனால் நாம் வாங்குவது 28 நாள் திட்டம். 365-ஐ 28-ஆல் வகுத்தால் 13 வருகிறது. ஆண்டுக்கு ஒரு மாத ரீசார்ஜ் கூடுதலாகப் போய்விடுகிறது. 2024 ஜூலைத் தொடக்கத்தில் பெரிய நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது, எங்கள் விடுதியில் பலர் போட்டுக்கொண்டிருந்த 239 ரூபாய்த் திட்டம் 299 ஆனது. ஒருமுறைக்கு 60 ரூபாய்தான் வித்தியாசம். பதின்மூன்று முறைக்கு 780 ரூபாய். ஓராண்டு முழுவதும் நான் ஜெராக்ஸ் கடையில் கொடுப்பதைவிட இது அதிகம்.

ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-இல் உத்தரவிட்டிருக்கிறது. செயலியின் முதல் பக்கத்தில் அது தென்படாது. பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனால்தான் கிடைக்கும். விடுதியில் வைஃபை இருக்கிறதென்றால், நாளுக்கு இரண்டு ஜிபி உண்மையிலேயே தேவைப்படுகிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மாதக் கடைசியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

அம்மா உணவகத்துக்குப் போகலாம். 2013-இல் தொடங்கியது. காலையில் இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய். மதியம் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த வரிசையில் நிற்கச் சிலர் தயங்குகிறார்கள். தேர்வுக் கட்டணம் கட்டிய மாதங்களில் நான் அங்கேதான் சாப்பிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் கட்டட வேலைக்குப் போகும் அண்ணன்களும் துப்புரவுப் பணி செய்யும் அக்காக்களும். யாரும் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை.

உணவகத்தில் பில்லின் கீழே "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரு வரி இருந்தால், அதை எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் இதற்கு விதிமுறை வெளியிட்டது. அது செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஜி.எஸ்.டி. வேறு, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாய் எல்லாருக்கும் கிடைக்குமா?

கிடைக்காது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்கு வந்த மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இவற்றில் உண்டு. தகுதி இருந்தால் கல்லூரி அலுவலகத்திலேயே கேளுங்கள். "ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள், பணம் தர யாருக்கும் உங்கள் ஓ.டி.பி. வேண்டியதில்லை.

தண்ணீர் பாட்டிலுக்கு "கூலிங் சார்ஜ்" என்று இரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். பொட்டலத்தில் அச்சிட்ட எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்த விலை. கடையில் அதற்கு மேல் விற்பது சட்ட அளவையியல் விதிகளின்படி குற்றம். உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டலுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடைக்கு அந்த விலக்கு இல்லை. புகார் சொல்ல 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நான் ஒருமுறை எம்.ஆர்.பி.யைக் காட்டி, "அண்ணே, இருபதுதானே போட்டிருக்கு" என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் இருபது ரூபாய்தான் எடுத்துக்கொண்டார். எனக்குப் பின்னால் நின்ற பெரியவரும் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார்.

விலை ஏறாமலே நம் காசு குறையும் இடம் இன்னொன்று உண்டு. ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்களில் விலை அப்படியே இருக்கும். எடைதான் இளைத்துக்கொண்டே வரும். இப்போது பல பொட்டலங்களில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே ஒரு கிராமுக்கு, அல்லது ஒரு மில்லி லிட்டருக்கு எவ்வளவு என்று சிறிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். அந்த எண்ணைப் பாருங்கள். பெரிய பாட்டில்தான் எப்போதும் மலிவு என்பதும் உண்மையல்ல. ஷாம்பூவில் சாஷேதான் மலிவு என்று எங்கள் அறையில் கணக்குப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். நாலு காசுக்கு வாங்க முடிந்தவனுக்கும் ஷாம்பூ கிடைக்க வேண்டும் என்று அதைச் சிறு உறையில் அடைத்து விற்றுக் காட்டியவர்களில் முன்னோடி, கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன். அவருடைய மகன் ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய தொழிலும் சாஷேயை நம்பித்தான் வளர்ந்தது. ஒரு மாவட்டத் தலைநகரில் பிறந்த யோசனை நாடு முழுவதும் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குவதைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

படம் பார்க்க உண்மையில் எவ்வளவு ஆகிறது?

எனக்குச் சினிமா பிடிக்கும். பிடித்த நடிகரின் படத்தை முதல் வாரத்தில் பார்த்துவிடுவேன். ஆகவே சினிமாவுக்குப் போகாதே என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். கணக்கு தெரிந்து போகலாம் என்றுதான் சொல்கிறேன்.

நோட்டில் ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். மால் ஒன்றிலுள்ள திரையரங்கம், இரவுக் காட்சி. டிக்கெட் 190 ரூபாய். செயலியில் முன்பதிவு செய்ததற்குச் சேவைக் கட்டணமும் அதன் மேல் வரியும் சேர்ந்து 36 ரூபாய். இடைவேளையில் பாப்கார்ன் 220. கடைசிப் பேருந்து போய்விட்டதால் ஷேர் ஆட்டோவுக்கும் அங்கிருந்து ஆட்டோவுக்கும் 90. மொத்தம் 536. படத்துக்காகக் கொடுத்தது 190. மீதி 346 படத்தைச் சுற்றிப் போனது. பகல் காட்சிக்குக் கவுண்டரில் டிக்கெட் எடுத்துவிட்டு மின்சார ரயிலில் திரும்பிய இன்னொரு நாளில் எல்லாம் சேர்ந்து 210 ரூபாய்க்குள் முடிந்திருக்கிறது.

தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதற்கு 18 விழுக்காடு. இதற்கு மேல் தமிழ்நாட்டில் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேரும். வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவருவதைத் திரையரங்கம் தடுக்கலாம்; ஆனால் குடிநீரை இலவசமாக வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் கழிவறைப் பக்கத்து மூலையில் இருக்கும். முன்பதிவின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் கேட்காமலே நன்கொடை என்று ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ சேர்ந்திருந்தால் எடுத்துவிடுங்கள். வாங்குபவருக்குத் தெரியாமல் கூடையில் ஒன்றைச் சேர்ப்பதும், கடைசி நேரத்தில் கட்டணத்தைக் காட்டுவதும் 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு வெளியிட்ட விதிமுறைகளில் தடைசெய்யப்பட்ட பதின்மூன்று தந்திரங்களில் அடங்கும். தர்மம் செய்வது நல்லது. அதை நாமே அறிந்து செய்ய வேண்டும்.

முதல் நாள் முதல் காட்சி டிக்கெட்டை யாரிடமாவது அதிக விலைக்கு வாங்கலாமா?

வாங்காதீர்கள். அரசு நிர்ணயித்த உச்ச வரம்புக்கு மேல் விற்பது சட்டப்படி தவறு என்பது ஒருபுறம். இன்னொருபுறம், இன்ஸ்டாகிராமில் "இரண்டு டிக்கெட் கூடுதலாக இருக்கிறது" என்று போடுபவர் அனுப்பும் க்யூ.ஆர். கோடு படத்தை அவர் பத்துப் பேருக்கு அனுப்பலாம். முதலில் போனவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேர் வாசலில் நிற்பார்கள். சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டம் நடக்கும் நாட்களிலும் இதே கதைதான். 2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரகுமான் இசை நிகழ்ச்சியில், முறையாகப் பணம் கொடுத்து வாங்கியவர்களே நெரிசலில் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள்; டிக்கெட்டின் நகலை அனுப்பச் சொல்லி அவரே வருத்தம் தெரிவித்தார். முறையான ரசீது கையில் இருந்ததால்தான் அப்படிக் கேட்கவாவது வழி இருந்தது. மூன்றாம் ஆளிடம் வாங்கியவர் யாரிடம் போய்க் கேட்பார்?

அதிகாலைக் காட்சி ஏன் இல்லை என்றும் தம்பிகள் கேட்கிறார்கள். 2023 பொங்கலையொட்டிப் பெரிய படங்கள் வெளியான விடியற்காலையில், லாரி மீது ஏறி ஆடிய பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவர் கீழே விழுந்து இறந்துபோனார். நம் வயதுதான். அதன் பிறகு சிறப்புக் காட்சிகள் காலை ஒன்பது மணிக்குத்தான் தொடங்குகின்றன. அது எனக்குச் சரியென்றே படுகிறது.

"வீட்டிலிருந்தே நாளுக்கு 2,000 ரூபாய்" என்று வாட்ஸ்அப்பில் வரும் வேலை உண்மையா?

இல்லை. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எங்கள் அறையிலேயே நடந்தது.

இரண்டாம் ஆண்டில் என் அறை நண்பனுக்கு ஒரு செய்தி வந்தது. தங்கும் விடுதிகளுக்கு ஐந்து நட்சத்திர மதிப்பீடு போட வேண்டும், மூன்று மதிப்பீட்டுக்கு 150 ரூபாய். அவன் போட்டான், உண்மையாகவே 150 ரூபாய் கணக்கில் வந்தது. அன்று இரவு எங்களுக்கெல்லாம் அவன் பரோட்டா வாங்கித் தந்தான். மறுநாள் அவனை டெலிகிராம் குழு ஒன்றில் சேர்த்தார்கள். அதில் எழுபது எண்பது பேர், ஒவ்வொருவராக "எனக்கு 6,500 வந்தது, நன்றி மேடம்" என்று வங்கிச் செய்தியின் படத்தோடு போட்டுக்கொண்டே இருந்தார்கள். அத்தனை பேரும் அந்தக் கும்பலின் ஆட்களே என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது "முன்பணப் பணி". ஆயிரம் கட்டினால் 1,300 திரும்பும், கட்டினான், திரும்பியது. மூன்றாயிரம் கட்டினான். இம்முறை பணம் அவர்களுடைய இணையப் பக்கத்தில் எண்ணாக மட்டும் ஏறியது. எடுக்கப் போனால், "நீங்கள் ஒரு படியைத் தவறாகச் செய்துவிட்டீர்கள், குழுவில் மற்றவர்களின் பணமும் முடங்கிவிட்டது, சரிசெய்ய 5,500 கட்டுங்கள்" என்றார்கள். குழுவிலிருந்த நான்கு பேர் அவனைத் திட்டினார்கள். தன்னால் பிறருக்கு நட்டம் வந்துவிட்டதே என்று பதறிக் கட்டினான். பிறகு வரி என்று பத்தாயிரம். மொத்தம் 18,500 ரூபாய் போயிற்று. பருவக் கட்டணத்துக்காக அவன் அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கி அனுப்பிய பணம் அது.

அவன் பேராசைப்பட்டான் என்று சொல்பவர்களிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். முதலில் 150 ரூபாயைக் கையில் கொடுத்து நம்பிக்கையை வாங்கினார்கள். பிறகு கூட்டத்தைக் காட்டினார்கள். கடைசியில் குற்றவுணர்ச்சியை ஏற்றினார்கள். இதற்கு எந்த வயதினரும் விழுவார்கள். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணையில் விவசாயிகள் போட்ட பணம் 2012-இல் மூழ்கியதும் இப்படித்தான். முதல் சில மாதங்கள் தொகை ஒழுங்காக வந்தது. ஒரு வேலை உங்களிடம் பணம் கேட்டால் அது வேலையல்ல. இந்த ஒரு விதியைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் 1930-க்கு அழையுங்கள். சைபர் நிதி மோசடிக்கான தேசிய எண் அது. பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அதை அங்கேயே முடக்க முயல்வார்கள். அதற்குள் பணம் நான்கைந்து கணக்குகள் தாண்டிவிட்டால் பிடிப்பது கடினம். ஆகவே முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம். அழைக்கும்போது யு.பி.ஐ. பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம், உங்கள் வங்கியின் பெயர் ஆகியவை கையில் இருக்கட்டும். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் முழு விவரத்தையும் பதிவு செய்யுங்கள். குழுவிலிருந்து வெளியேறுவதற்கு முன் எல்லாச் செய்திகளையும் படமெடுத்து வையுங்கள். கோபத்தில் அழித்துவிட்டால் ஆதாரம் போய்விடும்.

வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாமல், உங்கள் தவறோ வங்கியின் தவறோ இன்றி, வேறெங்கோ நடந்த கோளாறால் பணம் போயிருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னவருக்கு இழப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை கூறுகிறது. நீங்களே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை நடந்த இழப்பு உங்களுடையது. சொன்ன பிறகு நடப்பது வங்கியுடையது. எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்பவருக்கே லாபம்.

பணம் "வாங்க" க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யச் சொன்னால்?

செய்யாதீர்கள். பணம் வாங்க ஸ்கேன் செய்யவும் வேண்டாம், யு.பி.ஐ. பின் போடவும் வேண்டாம். பழைய சைக்கிளையோ புத்தகத்தையோ இணையத்தில் விற்கும்போது இந்தப் பேச்சு அதிகம் வரும்.

வங்கிக் கணக்கை மட்டும் கொடுத்தால் 5,000 ரூபாய் தருகிறேன் என்கிறார் ஒரு சீனியர். கொடுக்கலாமா?

கூடவே கூடாது. இந்தக் கேள்வியைக் கேட்ட தம்பியை அன்று இரவு தூங்கவிடாமல் உட்காரவைத்துப் பேசினேன். ஏ.டி.எம். அட்டையும் சிம்மும் சேர்த்துக் கேட்பார்கள். என் நண்பனின் பணம் முதலில் போய் விழுந்தது அப்படியொரு கணக்கில்தான். அதுவும் ஏதோ ஊரில் ஒரு மாணவனுடையதாக இருக்கக்கூடும். காவல்துறை வரும்போது கும்பல் இருக்காது, கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் இருப்பார். வழக்கு வந்தால் கடவுச்சீட்டு விண்ணப்பம் முதல் வேலைக்கான சரிபார்ப்பு வரை எல்லாம் சிக்கலாகும்.

நடிகர்கள் விளம்பரம் செய்யும் ஆட்டச் செயலிகளை நம்பலாமா?

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரங்களையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடைசெய்துவிட்டது. அதற்கு முன்பே தமிழ்நாட்டில் ரம்மியில் பணமிழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகளைப் படித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். இன்னும் அப்படி ஆடச் சொல்லி இணைப்பு வந்தால், அது சட்டத்துக்கு வெளியே இருப்பது. ஜெயித்தாலும் பணம் கேட்க இடமில்லை. நமக்குப் பிடித்த நடிகரின் முகத்தையும் குரலையும் செயற்கையாகச் செய்து பங்குச்சந்தையில் சேரச் சொல்லும் காணொளிகளும் சுற்றுகின்றன. திரையில் ஒருவரை நேசிப்பது வேறு, அவர் முகம் காட்டும் எண்ணுக்குப் பணம் அனுப்புவது வேறு.

அவசரத்துக்குக் கடன் செயலி?

வேண்டாம். உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் அது எடுத்துக்கொள்ளும். பிறகு அத்தைக்கும் பேராசிரியருக்கும் அழைப்பு போகும். விடுதியில் நாங்கள் பன்னிரண்டு பேர் மாதம் நூறு ரூபாய் போட்டு ஒரு சிறு தொகை வைத்திருக்கிறோம். மருந்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் அதிலிருந்து கொடுக்கிறோம்.

வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்களே, சொல்லத்தான் வேண்டுமா?

என் நண்பனும் அப்படித்தான் நினைத்தான். பதினொரு நாள் யாரிடமும் சொல்லவில்லை, சாப்பிடாமல் படுத்திருந்தான். எங்களிடம் சொன்ன அன்றே 1930-க்கு அழைத்தோம். பதினொரு நாள் ஆகியிருந்ததால் 4,200 ரூபாயை மட்டும்தான் முடக்க முடிந்தது. அன்று மாலை மொட்டைமாடியில் நின்று அவன் அம்மாவுக்கு அழைத்தான். நான் பக்கத்தில் இருந்தேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார்.

முடக்கிய தொகை நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஆறாம் மாதம் அவன் கணக்கில் வந்தது. அதை அன்றே குழுக் கடனுக்கு அனுப்பினான். என் மூன்றாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில், என் கணக்கோடு சேராத ஒரே வரியாக, அந்த 4,200-ஐ அவன் தன் கையாலேயே எழுதியிருக்கிறான்.